மாடி இல்லாத படி

ஆவடி பட்டாளத்து டிப்போ ஆஸ்பத்திரிக் கொட்டகையில் புதிதாக ஒரு மரப்படி வந்து இறங்கிய அன்று, கூலிக்காரர்கள் சிரித்த சிரிப்பு பட்டாபிராம் ரயில் சைடிங் வரைக்கும் கேட்டது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஏற ஒரு படி, உச்சியில் ஒரு படி, மறுபக்கம் இறங்க ஒரு படி. அவ்வளவுதான். மேலே மாடியும் இல்லை, பரணும் இல்லை. கொட்டகையின் நடுவில் மொட்டையாக நின்றது.

"இன்னாடா இது, மாடி கட்ட மறந்துட்டானுங்களா?"

"மாடி சண்ட முடிஞ்சப்புறம் வருமாம் நைனா. இப்பத்திக்குப் படி மட்டும்தான் கப்பல்ல வந்துகீது."

துலுக்கானமும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். அந்தப் படி தன்னை வைத்து விளையாடப் போகிறது என்று அவனுக்கு அப்போது எப்படித் தெரியும்?

ஜப்பான்காரன் பர்மாவில் உட்கார்ந்திருந்த காலம் அது. சைடிங்கில் ராப்பகலாக ரயில் வண்டிகள் வந்து நின்றன. எண்ணெய்ப் பீப்பாய், இரும்புப் பெட்டி, தார்ப்பாய் மூட்டை என்று ஓயாத சுமை. போன மாதம் ஒரு கூலி, பெட்டியைத் தோளில் வைத்தபடியே சுருண்டு விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் பட்டாளத்து டாக்டர் கேப்டன் உலகநாதன் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தார். நிரந்தர கேங்கில் சேர விரும்புகிறவன் எவனாக இருந்தாலும் முதலில் கொஞ்ச நேரம் பெஞ்சில் சும்மா உட்கார வேண்டும். டாக்டர் அவன் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பாதரசக் குழாயைப் பார்ப்பார்; நாடியைப் பிடிப்பார். பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிற வேகத்தில் படியில் ஏறி, மறுபக்கம் இறங்கி, திரும்பி, மறுபடி ஏறி இறங்க வேண்டும். நிறுத்தியதும் மீண்டும் நாடி, மீண்டும் பாதரசம். துடிப்பு இரண்டே நிமிஷத்தில் பழைய நிலைக்கு அடங்கினால் இருதயம் நல்ல இருதயம். அடங்காவிட்டால் அவனுக்கு டிப்போவில் வேலை இல்லை.

துலுக்கானத்துக்கு இந்தச் சோதனையில் வேலை மட்டும் அல்ல, வடிவும் இருந்தாள். பரிசம் போட்டு ஆறு மாதம் ஆகியும் அவள் தாய் பொன்னம்மாள் கல்யாணத் தேதி சொல்லவில்லை. "இன்னிக்கு வேல கீது, நாளைக்கு இல்லன்றான் உங்க மேஸ்திரி. கேங்குல நெலையா சேந்துட்டு வா மாப்ளே, மறுநாளே தாலி கட்டு" என்று சொல்லிவிட்டாள்.

அதைப் பற்றித் துலுக்கானம் கவலையே படவில்லை. இரண்டு ஆள் தூக்குகிற பீப்பாயை ஒற்றை ஆளாகப் புரட்டுகிறவன் அவன். மூன்று படியா அவனை முடக்கிவிடும்?

கவலைப்பட்டவன் முனியன்தான். வடிவின் அண்ணன், துலுக்கானத்தின் ஜோடி ஆள். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் மாதக்கணக்கில் கிடந்து பிழைத்தவன். மூட்டையோடு பலகை ஏறினால் அவனுக்கு மூச்சு இரைக்கும். அந்த நேரமெல்லாம் துலுக்கானம் சத்தம் போடாமல் அவன் சுமையையும் சேர்த்துத் தள்ளிவிடுவான்.

"மச்சான், எனக்காக நீ ஏறிடு" என்றான் முனியன், சோதனைக்கு முந்தின நாள்.

துலுக்கானம் யோசிக்கவே இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சைடிங்கில் ஜோடி ஆள் என்றால் அதுதான் அர்த்தம். காலையில் பேர் கூப்பிடும்போது ஒருவன் வரத் தாமதமானால் இன்னொருவன் இரண்டு குரலில் "ஆஜர்" சொல்வான். கங்காணி தலை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. பேருக்கு ஒரு குரல் வேண்டும். படிக்கு இரண்டு கால் வேண்டும். யார் கால் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

"உன் பேரு முன்னாடி வரும், என் பேரு பின்னாடிதானே? நடுவுல மூச்சு வாங்க நேரம் கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

"உன் பேரு கடைசி கேங்குல கீது மச்சான். பொழுது சாயத்தான் கூப்புடுவான். நீ புளியமரத்தாண்ட படுத்து ஒரு தூக்கமே போடலாம்."

சோதனை நாள் வந்தது. ஆஸ்பத்திரி ஆள் நாகேந்திரன் வாசலில் நின்று "முனியன்!" என்று கூவியதும், முனியனின் கோடு போட்ட சொக்காயை மாட்டிக்கொண்டு துலுக்கானம் உள்ளே போனான். கூப்பிட்ட நாகேந்திரன் பட்டியலிலிருந்து தலை நிமிரவில்லை; டாக்டரின் கண்ணும் அவன் முகத்தில் படவே இல்லை, பாதரசத்திலேயே இருந்தது. துலுக்கானம் ஏறினான், இறங்கினான், திரும்பினான். ஏதோ விளையாட்டுப் போல இருந்தது. நாடி அடங்கியதும் டாக்டர் தலையை ஆட்டினார். முனியன் தேறிவிட்டான்.

சோதனை முடிந்தவர்கள் பின்வாசல் வழியாக ரோட்டுக்குப் போய்விட வேண்டும். மறுபடி முன்வாசலுக்கு வர வேண்டுமென்றால் முள்கம்பி வேலியை முழுக்கச் சுற்றிக்கொண்டு சைடிங் வழியாகத்தான் வரலாம். நல்ல தூரம். பின்வாசலில் முனியன் காத்திருந்தான். முகத்தில் பதற்றம்.

"மச்சான், மோசம் போச்சு! உன் பேர கூப்ட்டானுங்க! இன்னொருவாட்டி கூப்ட்டு ஆள் வரலன்னா பேர அடிச்சிடுவானாம். ஓடு! சொக்காய கழட்டிக் குடுத்துட்டு ஓடு!"

துலுக்கானம் ஓடினான். சித்திரை வெயில். சரளைக் கல்லில் வெறுங்கால். காலையிலிருந்து ஒரு வாய் கஞ்சி குடிக்கவில்லை. வேலியைச் சுற்றி, வண்டிகளுக்கு அடியில் குனிந்து புகுந்து, முன்வாசலை எட்டியபோது நாகேந்திரன், "துலுக்கானம்! யாருப்பா துலுக்கானம்?" என்று கூவிக்கொண்டிருந்தான்.

பெஞ்சில் உட்கார நேரமே இல்லை. நேரே உள்ளே போனான். டாக்டர் கையைப் பிடித்ததுமே புருவத்தை உயர்த்தினார்.

"ஏம்ப்பா, ஓடி வந்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் அடுத்த கேள்வி எங்கிருந்து ஓடி வந்தாய் என்பதாகத்தானே இருக்கும்? பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் வெளியே எதற்குப் போனான்? நூல் பிடித்தாற்போல் முனியனிடம் போய் நிற்கும். பட்டாளத்தை ஏமாற்றினால் ஜெயில்.

"இல்லீங்க ஐயா. பெஞ்சு மேலதான் குந்திகினு இருந்தேன்."

"பயமா இருக்கா?"

"இல்லீங்க ஐயா."

டாக்டர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஏறச் சொன்னார். இந்த முறை படி விளையாட்டாக இல்லை. இறங்கி நின்றதும் காதுக்குள் பறையடித்தது. டாக்டர் நாடியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"கெட்ட சத்தம் எதுவும் கேக்கல. ஆனா அடங்க மாட்டேங்குதேப்பா" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு இப்படி அடிச்சுக்கக் கூடாது. உன் இருதயம் பலவீனமா இருக்கு. இனிமே நீ சுமை தூக்கக் கூடாது."

சாயங்காலமே டிப்போ வாசலில் அவனைத் தடுத்துவிட்டார்கள். முனியன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பாதி தூரம் கூட நடந்து வந்தான். "கவலப்படாத மச்சான். அடுத்த வாட்டி ஏத்தச் சொல்லி நான் பேசறேன்" என்றான்.

இருதயம் கெட்டவன் என்ற செய்தி துலுக்கானத்துக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தெருவில் எதிரே வந்தவன் வழி விட்டு நின்றான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். இதெல்லாம் போகட்டும். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்று ஓடியது உண்மைதான். ஆனால் எத்தனையோ நாள் அதைவிட ஓடியிருக்கிறானே? அப்போதெல்லாம் இப்படி அடித்துக்கொண்டதா? பாதரசத்துக்கு அவன் மேல் என்ன பகை? படுத்தால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே படுத்தான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில், அடுத்தது வருமா என்று காத்திருந்தான். பருத்திப்பட்டு ஏரிக்கரை மேட்டில் முன்பு தாவி ஏறியவன், இப்போது கிழவனைப் போல நின்று நின்று ஏறினான்.

அடுத்த வாரம் பொன்னம்மாள் நாலு பெரியவர்களோடு வந்தாள். பரிசப் புடவையும் தட்டும் அவள் மகன் முனியன் கையில் இருந்தன.

"நீ நல்ல புள்ளதான்ப்பா, குத்தம் சொல்லல. ஆனா தெரிஞ்சே பொண்ண தாலியறுக்க வுட முடியுமா?"

"அத்தே, ஏரிக்கர வரைக்கும் ஓடிக் காட்டட்டுமா? இப்பவே ஓடறேன்" என்றான் துலுக்கானம். சொல்லும்போதே, ஓடினால் என்ன ஆகுமோ என்று உள்ளுக்குள் நடுங்கியது.

பெரியவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். "இன்னிக்கு ஓடுவ நைனா. நாளைக்கு? சீமையிலேர்ந்து வந்த பாதரசப் பொட்டி சொல்லுது. நம்ம கண்ணுக்குத் தெரியுமா?"

துலுக்கானம் முனியனைப் பார்த்தான். இப்போது ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தான். முனியன் சொன்னான்.

"நான் இன்னா மச்சான் பண்றது? டாக்டரு பொய்யா சொல்லுவாரு? என் தங்கச்சி வாழ்க்கைய நான் பாக்கத்தானே வேணும்?"

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

அப்போதுகூடத் துலுக்கானத்துக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. விதி என்றுதான் நினைத்துக்கொண்டான். பத்து நாள் கழித்து, மருந்தாவது கிடைக்குமா என்று கேட்க டிப்போ வாசலுக்குப் போனான். நாகேந்திரன் வெளியே பீடி பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அட, நீயா? அன்னிக்கு ஏதோ அவசரம்னு முன்னாடியே கூப்பிடச் சொன்னியே, போன காரியம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"நானா? நான் எங்க அண்ணாத்தே சொன்னேன்?"

"நீ சொல்லல. உங்க வேம்புலி மேஸ்திரி வந்து சொன்னாரு. துலுக்கானம் ஊட்ல அவசரம், கடைசி வரைக்கும் காக்க முடியாது, இப்பவே கூப்பிடுன்னாரு. கூட ஒரு ஆளும் வந்து கெஞ்சினான்." நாகேந்திரன் சைடிங் பக்கம் கையை நீட்டினான். "அதோ, மேஸ்திரிக்குக் குடை பிடிச்சிகினு போறானே, அவன்தான்."

குடை பிடித்துக்கொண்டு போனவன் முனியன். காதில் பென்சில் செருகியிருந்தது.

துலுக்கானம் தண்டவாளத்தைத் தாண்டி அவனைப் பிடித்தபோது, முனியன் கொட்டகை நிழலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற பீப்பாய்களுக்குக் கணக்குக் கூவிக்கொண்டிருந்தான். மூட்டை தூக்கப் போனவனுக்கு நிழலில் உத்தியோகம்!

"என் பேர முன்னாடியே கூப்புடச் சொன்னது நீதானேடா?"

முனியன் சுற்றுமுற்றும் பார்த்தான். மேஸ்திரி தூரத்தில் இருந்தார்.

"கத்தாத மச்சான்."

"மச்சான்னு கூப்புடாத. எதுக்குடா என்ன அப்படி ஓட வுட்டே?"

முனியன் பென்சிலைக் கையில் எடுத்து உருட்டினான். "மேஸ்திரி வடிவ கேட்டாரு. குடுத்தா எனக்கு இந்த வேலைய தரேன்னாரு. பரிசம் போட்ட எடத்த சும்மா முறிக்க முடியுமா? ஊரு காறித் துப்பாது?" குரல் தாழ்ந்தது. "நீ கல்லு மாதிரி கீறே. எங்க போனாலும் பொழைப்பே. படிய உன் கால்ல தாண்டிட்டேன், மூட்டைய யார் தோள்ல தூக்குவேன்? நான் எங்கடா போவேன்?"

"என்னாண்ட கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா வடிவ வுட்டுக் குடுத்திருப்பியா?"

துலுக்கானம் திரும்பி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தான்.

"சொல்லு போ!" என்று முனியன் பின்னால் கத்தினான். "ஏறினது நீ! நீயும்தான் உள்ள போவே!"

கேப்டன் உலகநாதன் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் காது மடல் சிவந்தது.

"ஓடி வந்தியான்னு நான் கேட்டேனேடா?"

"கேட்டீங்க ஐயா. பொய் சொன்னேன்."

டாக்டர் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். திரும்பி வந்து, பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். அரை மணி கழித்துப் படியில் ஏற்றினார். துலுக்கானம் ஏறி இறங்கி நின்றான். நாடியைப் பிடித்திருந்த டாக்டரின் விரல் அசையவில்லை. கடைசியில் துணிப்பட்டையை அவிழ்த்துச் சுருட்டினார்.

"உனக்கு ஒண்ணுமே இல்லப்பா. நூறு வயசுக்குத் தாங்கும்."

இத்தனை நாளாகத் துலுக்கானம் காத்திருந்த அடுத்த துடிப்பு, கேட்காமலே வந்துகொண்டிருந்திருக்கிறது.

"போய் அந்த முனியனைக் கூட்டிட்டு வா" என்று டாக்டர் நாகேந்திரனுக்குக் கட்டளையிட்டார்.

முனியன் வந்தான். ஏறச் சொன்னார். இரண்டு சுற்று ஏறினான். மூன்றாவதில் உச்சிப் படியிலேயே நின்றுவிட்டான். உதடு நாவல் பழம் தின்றது போல் நீலம் பாரித்தது. டாக்டர் ஓடிப்போய் அவனைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார். நெஞ்சில் குழாயை வைத்ததும் அவர் முகம் மாறியது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"சின்ன வயசில மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துதா?"

முனியன் தலையாட்டினான். மூச்சு கொஞ்சம் திரும்பியதும் அவன் பேசிய முதல் வார்த்தை இது:

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. என் பேருக்கு இவன்தான் தானா போயி ஏறிட்டான். என் தங்கச்சிய கட்டிக்கணும்னு என்ன காக்கா புடிக்கப் பாத்தான்."

துலுக்கானம் கையை ஓங்கினான். பாதியில் இறக்கினான். எதிரே உட்கார்ந்திருப்பவன் சாகக் கிடக்கிறவன் போல் இரைக்கிறான். அவனை அடிக்கவும் முடியாது.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் சொல்வது மெய் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது.

"அந்தக் காய்ச்சல் இவன் இருதயத்தைக் கெடுத்திருக்கு, சுமை தூக்க விட்டா செத்துப்போவான். உட்கார்ந்த வேலையிலேயே இருக்கட்டும்னு எழுதிடறேன்." பிறகு துலுக்கானத்தின் பக்கம் திரும்பினார். "உன் இருதயம் நல்லா இருக்குன்னு யார் கேட்டாலும் சொல்வேன். ஆனா வேற ஆள் பேர்ல நின்னவன் நீ. உன்னை டிப்போவுக்குள்ள விட எனக்கு அதிகாரம் இல்லை. மேலதிகாரிக்கு எழுதாம விடறேன், அவ்வளவுதான். போயிடு."

நோயாளிக்கு நிழலும் பெஞ்சும்; நல்ல நெஞ்சுக்காரனுக்கு நடு ரோடு. துலுக்கானம் வெளியே வந்து, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றான்.

ஆஸ்பத்திரிச் சங்கதி ஊருக்குள் பரவ ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. வேம்புலி மேஸ்திரி கேள்விப்பட்டதும் பின்வாங்கினார். "அண்ணனுக்குக் கீற நோவு தங்கச்சிக்கும் இருக்காதுன்னு இன்னா நிச்சயம்?" என்று கேட்டாராம். அது காய்ச்சலால் வந்த நோய், பரம்பரை நோய் இல்லை என்று பொன்னம்மாள் எவ்வளவோ வாதாடியும் பயனில்லை.

மறுநாள் காலை அவள் துலுக்கானத்தின் வாசலில் வந்து நின்றாள். தட்டில் வெற்றிலை, பாக்கு. பின்னால் வடிவு.

"மாப்ளே, உன் நெஞ்சு நல்லாத்தான் கீதாமே! டாக்டரே சொல்லிட்டாராம். ஊர் பேச்சக் கேட்டு நாங்கதான் அவசரப்பட்டுட்டோம். டிப்போ வேல போனா போவுது, வேற வேலையா கெடைக்காது? வர்ற முகூர்த்தத்துலயே வெச்சிக்கலாம்."

துலுக்கானம் தட்டைப் பார்க்கவில்லை. வடிவைத்தான் பார்த்தான். அவள் மெலிந்திருந்தாள், அழுத கண். அவனுக்கு மனசு இளகியது. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் போதும், தட்டை வாங்கிக்கொள்வான்.

"வடிவு, முனியன் பண்ணது உனக்குத் தெரியுமா?"

பொன்னம்மாள் குறுக்கே வந்தாள். "அவளுக்கு இன்னாப்பா தெரியும், பொட்டப்புள்ள..."

"நான் அவள கேட்டேன் அத்தே."

வடிவு முந்தானை நுனியைச் சுருட்டினாள். பிறகு நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"தெரியும். அன்னிக்கு சாயங்காலமே அண்ணன் சொல்லிச்சு. நான் அழுதேன், ரெண்டு நாள் சாப்புடல. வெளிய சொன்னா அண்ணன் ஜெயிலுக்குப் போயிடும்னு அம்மா என் கால்ல வுழுந்துச்சு."

"மேஸ்திரிய கட்டிக்க சம்மதிச்சியா?"

"இல்லன்னும் சொல்லல."

"அதக்கூட நான் பொறுத்துக்குவேன்" என்றான் துலுக்கானம் மெதுவாக. "உன் அண்ணன காப்பாத்தணும்னு நானும்தான் பொய் சொன்னேன். ஆனா நான் செத்துப்போயிடுவேன்னு நெனச்சிகினு இங்க கெடந்தேன் வடிவு. பொழுதுக்கும் நெஞ்சப் புடிச்சிகினு கெடந்தேன். எனக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சவங்க உங்க ஊட்ல மூணு பேரு. அதுல நீ ஒருத்தி. என் ஊட்டு வேலி ஓரமா வந்து, 'நீ நல்லாத்தான் கீறே, பயப்படாத'ன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்குக் கால் வரலியே?"

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்படி யோசித்தே பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

"சின்னப் பொண்ணு, தெரியாம..." என்று பொன்னம்மாள் தட்டை நீட்டினாள்.

துலுக்கானம் தட்டைத் தொட்டு, மெல்ல அவள் பக்கமே நகர்த்தினான்.

"எடுத்துகினு போ அத்தே. நல்ல எடமா பாத்துக் குடு."

கொடியில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான். பெரம்பூரில் ரயில் பட்டறைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். காலை வண்டி ஆவடியை நெருங்குகிற சத்தம் கேட்டது. பின்னால் வடிவு ஏதோ சொல்லி அழுதாள், அவன் திரும்பவில்லை. வண்டியைப் பிடிக்க ஓட ஆரம்பித்தான்.